முள் ஏறும் மேடு

நிற்கும்போது கொதிக்காது.
அதுதான் கிறுக்கு.
தீவன மில் வாசலில்
அரைமணி நேரம் உறுமிக்கொண்டு நின்றாலும்
முள் பாதியிலேயே கிடக்கும்,
வெயிலில் படுத்த நாய் மாதிரி.

எல்கோவுக்கு வடக்கே
மேடு தொடங்கி, வேகம் ஐம்பதைத் தொட்டதும்
எழுந்து உட்காரும்.
அறுபதில்
சிவப்பை முகர்ந்து பார்க்கும்.

பழைய விசிறி பெல்ட்டில் ஓடியது.
எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும்,
கேள்வி கேட்காது.
விமானம் கிளம்புகிற சத்தம் என்று
ஆன்செல்தான் அதைக் கழற்றினான்.
என் தங்கை அவனைக் கழற்றிவிட்டு
நாலு வருஷமாகியும்
எங்கள் கொட்டகையை விட்டுப் போகாதவன்.

நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து
இரட்டை மின்விசிறி பிடுங்கி வந்தான்.
குதிரைசக்தி மிச்சம், பெட்ரோல் மிச்சம் என்றான்.
வழியெல்லாம் நான் ஊற்றிய தண்ணீருக்குக்
கணக்கு எழுதினால்
ஒரு குளம் வரும்.

தெர்மோஸ்டாட் மாற்றினேன்.
பழையதைப் பாத்திரத்தில் போட்டு
அடுப்பேற்றிப் பார்த்தால்
அதுவும் சரியாகத்தான் வாய் திறந்தது.
ரேடியேட்டர் மூடி மாற்றினேன்.
மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி
உள்ளே சிக்கிய காற்றை ஏப்பம் விடவைத்தேன்,
பால் குடித்த பிள்ளையைத் தோளில் தட்டுவதுபோல.
ரிலே சொடுக்கியது. ஃப்யூஸ் முழுசாக இருந்தது.
மீட்டரில் பதின்மூன்றரை வோல்ட்.
சுற்றுகிறதே, இன்னும் என்ன என்றான் ஆன்செல்.
சுற்றுகிறதே என்றுதான்
நானும் ஒரு மாதம்
அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழன்.
ட்ரெய்லரில் பதினொரு கிடாக்கள்,
ஐடஹோவில் ஏலம், மணி பத்தாகிவிட்டது.
பாதி மேட்டில் இருநூற்று நாற்பது டிகிரி.
ஹீட்டரை முழுக்கத் திறந்து,
ஜன்னலையும் திறந்து,
எஞ்சினின் காய்ச்சலை மடியில் வாங்கிக்கொண்டு
சாலையோரம் ஒதுங்கினேன்.
பூட்ஸுக்குள் பாதம் வெந்தது.
பின்னால் கிடாக்கள் பலகையை முட்டின.
ஆன்செல் பேசவில்லை,
அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை.

எஞ்சினை அணைக்காதே என்றேன்.
நின்றதும் முள் இறங்கத் தொடங்கியிருந்தது,
எப்போதும்போல, ஒன்றும் அறியாததுபோல.
தீவன ரசீதை எடுத்து
முகப்புக் கம்பிகளுக்கு முன்னால் பிடித்தேன்.
விசிறி இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும்.
ஒட்டவில்லை.
என் விரலை உதறிவிட்டு
எங்களுக்கு முன்னே ஐடஹோவுக்குக் கிளம்பியது.
முகத்தில் அனல்.
வண்டி என்மேல் மூச்சு விட்டது.

உள்ளே இழுக்க வேண்டியது
வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது!
நிற்கும்போது எதிர்க்க ஆளில்லை,
எந்தத் திசைக் காற்றானாலும்
தகட்டைத் தொட்டால் போதும்.
ஓடும்போதோ
சாலை அனுப்பும் காற்று இந்தப் பக்கம்,
விசிறி அனுப்பும் காற்று அந்தப் பக்கம்,
ஒற்றைப் பாலத்தில் கொம்பு கோத்து
இரண்டும் அசையாமல் நிற்க
நடுவில் தண்ணீர் கொதித்தது.

கறுப்புதானே மாயிதெ எர்த்து, என்றான்.
இந்தக் கம்பெனிக்காரனுக்கு நீலம் போலிருக்கிறது.
திட்ட வேண்டிய இடம் அது.
தொண்டை வரை வந்தது.
அதற்குள் அவன் சரளையில் முட்டி போட்டு
வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான்,
கழுத்தில் அவன் தோலை
வெயில் உரித்துக்கொண்டிருந்தது.
டேப்பை நீட்டினேன்.

நாலு முனைகள், இடம் மாற்றிக் கட்ட
பத்து நிமிஷம்.
இன்னொரு தாளுக்கு எங்கே போவது?
ஏலச் சீட்டையே பிடித்தேன்.
சப்பென்று ஒட்டியது.
விடவே மாட்டேன் என்றது.
மாயிதெ என்ற பாதி கம்பியிலேயே தங்க
எச்செவெரி என்ற பாதியோடு
வண்டி ஏறினேன்.

அறுபத்தைந்தில் மேடு கடந்தோம்.
முள் படுத்தே கிடந்தது.
உச்சி தாண்டியதும் ஆன்செலுக்குப் பேச்சு வந்தது:
அடுத்து
இதில் ஒரு ஏசி வைக்கலாமாம்.