கழிமுகம், அட்டைக்கு

ஹில்மி அனுப்பிய தகவல் இவ்வளவுதான்:
நாவல், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
முதுகு பதினொரு மில்லிமீற்றர்,
தலைப்பு கழிமுகம். வெள்ளிக்கு வேண்டும்.

முதல் நாள் ழவோடும் முவோடும் போனது.
கண்ணைச் சுருக்கினால்
யார் எவரென்று தெரியவில்லை.
ழவின் காலை நீட்டினேன்,
எழுத்தாளர் பெயரில் இடித்தது.
குறுக்கினேன், நொண்டியது.

எழுதிய யூஜின் சவரிமுத்து
போனில் மூச்சு வாங்கினார்:
"தண்ணி மாதிரி இருக்கணும் மிஸ்.
ஆனா அலை கீறிறாதீங்க."

வெள்ளவத்தையில் ரயில் போகும்போதெல்லாம்
தூரிகையைத் தூக்கிக்கொள்வேன்.
ஒன்பது தாள் கிழிந்தது.

முகத்துவாரம் போய்ப் பார்த்தேன்.
ஆறு எங்கே முடிகிறதென்று
ஆற்றுக்கே தெரியாத இடம்.
ஒருவர் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது 155இல் நின்றபடி
கரன்ட் பில்லின் பின்புறம் எழுதிப் பார்த்தேன்.
மருதானையில் டிரைவர் பிரேக் அடித்தார்.
ழவின் கால் வழுக்கி
முவின் அடியில் புகுந்து
வெளியே வந்தது.
முன்னால் நின்றவர் என்னை முறைத்தார்.
நான் பில்லை முறைத்தேன்.

வீட்டில் அதையே நாற்பது தடவை எழுதினேன்.
கை நடுங்க மறுத்தது.
கடைசியில் பில்லையே ஸ்கேன் பண்ணினேன்.
பின்பக்க எண்கள் மங்கலாய்த் தெரிந்தன,
ஒவ்வொன்றாய் அழித்தேன்.
மகரத்தின் தலைக்கு மேல்
நிலுவைத் தொகையின் கடைசிப் பூச்சியம்
சரியான இடத்தில் இருந்தது.
உள்ளே மை நிரப்பிப் புள்ளியாக்கினேன்.

ஹில்மி ஓகே என்றார்.
முதுகில் இந்தக் கால் மடங்காது;
அங்கே கணினி எழுத்து.
பில் இன்னும் கட்டவில்லை.