கடைசி ஆட்டத்துக்கு நாற்பது நொடி

சனிக்கிழமை ராத்திரி எட்டரை.
ஜீவா ஸ்டேஷனில் ஆவடி வண்டி கிளம்புகிற சத்தத்தில்
இங்கிலாந்தின் மூணு மணி விசில் எனக்குக் கேட்பதில்லை.
பரவாயில்லை, பந்து நகர்ந்தால் நானும் நகர்வேன்.

வேலை இதுதான்:
தொண்ணூறு நிமிஷத்தை மென்று
நாலு நிமிஷமாகத் துப்புவது.
கோல், கோலுக்கு முந்தின மூணு பாஸ்,
தலையில் கைவைத்த கோச், சிவப்பு அட்டை.
மீதி குப்பைக்கு.
கொடுங்கையூர்க் கிடங்கைப் பார்த்து வளர்ந்தவள் நான்,
மீதி என்பது எவ்வளவு உயரம் போகும் என்று தெரியும்.

வேடிக்கை என்னவென்றால்
அந்த மூணு மணி ஆட்டத்தை
அந்த ஊர்க்காரனுக்கே நேரலையில் காட்டமாட்டார்கள்.
வீட்டில் உட்கார்ந்து பார்த்தால்
மைதானத்துக்கு எவன் வருவான் என்று, எப்பவோ போட்ட தடை.
ராத்திரி பத்தரை வரைக்கும் அவன் காதைப் பொத்திக்கொண்டிருக்கணும்.
ஸ்கோர் தெரிய வேண்டாதவர்கள்
கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று
செய்தி வாசிக்கிறவரே சொல்வாராம்.
இங்கே சர்மா நகரில் பஜ்ஜிக்கடை கோவர்த்தனன்
எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து
லைவில் திட்டுகிறான்:
‘இன்னாடா பாஸ் இது, கஸ்மாலம்!’

பயிற்சியின் முதல் நாள் பழைய துண்டு ஒன்று காட்டினார்கள்.
அறுபத்துநாலு ஆகஸ்ட், லிவர்பூல், கறுப்பு வெள்ளை.
மைதானத்தில் நாற்பத்தேழாயிரம் பேராம்,
பெட்டியில் பார்த்தது அதில் பாதிகூட இல்லை.
யாரும் கவனிக்காமல் ஆரம்பிக்கிற விஷயங்கள்மேல்
எனக்கு ஒரு இது.
அப்புறம் டேப் விலை ஜாஸ்தி என்று
எத்தனையோ ஆட்டங்களை அழித்து
அதன்மேல் வேறு எதையோ பதிந்தார்களாம்.
வகுப்பில் யாரோ சிரித்தார்கள்.
நான் முழங்கால் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பத்து வருஷம் ரைட் பேக், முல்லை நகர் மைதானத்தில்.
பாட்டில் சில்லும் ஆட்டுப் புழுக்கையும் பொறுக்கிவிட்டுத்தான்
சுண்ணாம்புக் கோடு போடுவோம்.
ரைட் பேக் ஹைலைட்ஸில் வருவது
தப்பு பண்ணின அன்றைக்குத்தான்.
வியாசர்பாடியும் டிவியில் அப்படித்தான் வரும்.

இன்றைக்குக் கடைசி ஆட்டம் சைபருக்கு சைபர்.
ஏதோ வடக்கு ஊர்.
அங்கேயும் வடக்கு என்றால் துறைமுகம், புகை, மழை போல.
‘நாற்பது நொடி, அதுக்குமேல வேணாம்’
பெருங்குடியிலிருந்து ஹெப்சிபா மேடம்.
ரெண்டு ஷாட், கம்பத்தில் ஒன்று, ஒரு முறைப்பு.
முப்பத்தேழில் முடிந்துவிட்டது.

எழுபத்தோராவது நிமிஷம்.
பந்து எங்கேயோ போய்விட்டது, காமிரா இன்னும் திரும்பவில்லை.
ஓரத்தில் அவர்களுடைய ரெண்டாம் நம்பர்
பெயர்ந்த புல்லைக் குனிந்து எடுத்து
அதே குழியில் வைத்து
பூட்ஸால் மிதிக்கிறான்,
வீட்டைப் பூட்டிவிட்டுப்
பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற மாதிரி.

மூணு நொடி.
வைத்தேன். அனுப்பினேன்.
மேடம் கட்டைவிரல் போட்டார்.
முழுசாகப் பார்த்திருக்கமாட்டார்.

நாலு மணிக்கு அங்கே பத்தரை.
கடைசி ஆட்டம் வருவதற்குள் அஞ்சேகால் ஆகிவிடும்,
பாதிப் பேர் சோபாவிலேயே தூங்கியிருப்பார்கள்.
அஞ்சேகாலுக்கு எங்களுக்குத் தண்ணி லாரி.
கோவர்த்தனன் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.
குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டே நினைத்தேன்:
சாயங்காலம் முழுக்கக் காதைப் பொத்திக் கிடந்தவன் எவனாவது
‘அந்தப் புல்லைப் பார்த்தியா’ என்று
பக்கத்தில் கேட்டிருப்பானா?
மாட்டான்.

‘ஏய், நின்னுக்கினே தூங்கறியா, நகரு’ என்றாள் பின்னால் தெய்வயானை.
லாரிக்கு வலது ஓரமாக, குழாய்ப் பக்கம்,
ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடம் தெரிந்தது.
பழக்கம்.
குடத்தை இடுப்பில் ஏற்றி ஓடினேன்.