பாரம்

வெள்ளிக்குள் பாரம் வேண்டும் என்கிறார் மிஸ் லாவ்.
நான்காம் லெவலா,
மூன்றிலேயே இன்னொரு வருடமா?
ஒரு கட்டம், ஒரு கோடு, என் கையெழுத்து.

பாகாவ் ஆலையில் என் பிழைப்பே அதுதான்.
லோரி கவிழ்க்கும் செம்பனைக் குலைகளைப்
பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்:
பழம், காய், அழுகல்.
நிறத்தை நம்பமாட்டேன்.
தானாக எத்தனை உதிர்ந்திருக்கிறது, அதுதான் கணக்கு.
அவசரப்பட்டு அறுத்ததில் எண்ணெய் இல்லை.
கிடக்கட்டும் என்று விட்டாலோ
அமிலம் ஏறிவிடும்.

திவாஷினிக்கு ஒன்பது வயது.
உள்ளங்கை அகலமே உள்ள பீமின்மேல்
கை ஊன்றிப் பின்னால் சுழல்கிறாள்.
பத்தில் ஏழு முறை நிற்கிறாள்.
மற்ற மூன்றிலும்
என் வயிறுதான் முதலில் விழுகிறது.

"மூணுலயே இருந்தா மெடல் நிச்சயம்"
என்கிறாள் என் மனைவி.
"அதான் போன வருசமே வாங்கிட்டேன்லா"
வாய் நிறைய சோற்றோடு இவள்.

நேற்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
கூடத்து ஓடுகளின் இடைக்கோட்டில்
இருட்டில் நடந்துகொண்டிருந்தாள்.
கைகளை உயர்த்தினாள்.
பின்னால் சாய்ந்தாள்.
பாதியில் நிமிர்ந்துவிட்டாள்.
யாருக்கோ பதில் சொல்வதுபோல்
தலையை ஆட்டிவிட்டுப்
படுக்கப் போய்விட்டாள்.

ஆமென்றா, இல்லையென்றா?
முதுகுப் பக்கமிருந்து தெரியவில்லை.

சட்டைப்பையில் இருந்த தாளில்
எண்ணெய்க் கறை.
புதிதாய் ஒன்று கேட்டேன்.
மிஸ் லாவ் சிரிக்காமல் நீட்டினார்:
"இது உங்களுக்கு மூன்றாவது பாரம்."