பதினோரு விநாடி

வெள்ளி மதியம், டைப்பிங் சென்டர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
அர்பாப் தந்தது நூற்றிருபது திர்ஹாம்,
ரசீது முக்கியம் என்றார்.
ஸ்க்ரூடிரைவர் பக்கத்து சலூனில் இரவல்.
பெட்டியைத் திறந்தேன்:
பதினான்கு வருடத்து அஜ்மான் சனையா மணல்
மின்விசிறியில் மாவாக அப்பியிருந்தது.
தும்மினேன்.

பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு
நகல் ஓடியது, கொறகொறவென்று.
எழுபத்தொன்றில் நின்றது.
ஒரே ஒரு கோப்பு வரமாட்டேனென்றது:
'குஞ்சிதபாதம் கேன்சல் 2'.
யாரென்று நினைவில்லை.
தாண்டிப் போ என்று அழுத்தினேன்.

எஸ்எஸ்டி அட்டையில் ஐந்நூற்றைம்பது போட்டிருக்கிறது.
இந்தக் கிழட்டு போர்டு தருவது அதில் பாதி.
ஊரில் ஏஜென்ட் சொன்ன சம்பளத்துக்கும்
இங்கே வந்து கையெழுத்திட்டதற்கும்
ஏறக்குறைய இதே கணக்கு.
ஆனாலும், விழிக்க நாலு நிமிடம் எடுத்த பெட்டி
பதினோரு விநாடியில் விழித்துக்கொண்டது.
நம்பாமல் மூன்று முறை அணைத்துப் போட்டேன்.

மறுநாள் காலை முதல் ஆள், கம்பி கட்டுகிறவர்.
பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்த வெயிலில்
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"சிஸ்டம் ஸ்லோ, உட்காருங்கண்ணே."
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.
ஏசிக்குக் கீழே உட்கார்ந்தார்,
பூட்ஸ் நாடாவைத் தளர்த்தினார்,
கூலரில் தண்ணீர் பிடித்தார்.

படிவம் எப்போதோ வந்து
பெயர் கேட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.
திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன்.

இரண்டாவது கோப்பைக்கு எழுந்து போகிறார்.
போகட்டும்.