மறுவிலை

மாதக் கடைசி.
எது கூடப் போனது என்று
ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறார் முதலாளி.
கிருலப்பனை ஹைலெவல் வீதியில்
தகரக் கூரையும் சரளைக் கல்லும்
இருபத்திரண்டு வாகனமும் உள்ள எங்கள் கார் சேலில்
கணக்கும் நான்தான், தொலைபேசியும் நான்தான்,
மழை விட்டதும் கண்ணாடி துடைக்கிறவளும் நான்தான்.

வெள்ளை வேகன்ஆர் ஆறு.
வெள்ளி நிறத்தில் ஒன்று.
ஓல்டோ மூன்று; ஒன்றில் ஏசி வேலை செய்யாது,
சொல்லித்தான் விற்றோம்.
விட்ஸ் இரண்டு.
அக்வா ஒன்று, பற்றரி புதிது என்று சத்தியம் பண்ணி.
பெரிய ஜீப், பூச்சியம்.
அதில் சாய்ந்து நின்று படம் எடுத்தவர்கள் பதினொரு பேர்.

இவ்வளவும் போதும் அவருக்கு.

ஆனால் ஒருவரும் என்னிடம்
நன்றாக ஓடுமா என்று முதலில் கேட்டதில்லை.
"விற்கப்போனால் என்ன வரும்?"
சாவியைத் தொட முன்னம்,
சீட்டில் ஒருதரம் இருந்து பார்க்க முன்னம்,
கலியாணப் பேச்சிலேயே
விவாகரத்துச் செலவை விசாரிப்பதுபோல.

என்ன நிறம் விருப்பம் என்றேன் ஃபஸ்லியா டீச்சரிடம்.
பச்சை என்றார், கண் மினுங்க.
லீசிங் தாளில் கையெழுத்து வைக்கும்போது
"வெள்ளையே தாங்க,
பச்சைய பொறகு யாரு எடுப்பா?"
அந்த யாரோ
இன்னும் சம்பளமே எடுக்கத் தொடங்காத பையனாயிருக்கலாம்.
அவன் விருப்பத்தில் ஓடுகிறது
காலி வீதி முழுக்க.

கப்பலில் வாகனம் வராத வருடங்களில்
பழசுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது.
ஐந்து வருடம் ஓட்டி,
வாங்கியதை விடக் கூட்டி விற்றதை
காணி விற்றவர்போல் சொல்லித் திரிந்தார்கள்.
அதே கார்களில்தான்
பெற்றோலுக்கு மூன்று இரவு படுத்தும் கிடந்தார்கள்.

அந்த வெள்ளி நிறத்து வேகன்ஆர்
எங்களிடம் வந்தது இது நாலாம் தடவை.
கதவு மூடும் சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.
சன்வைசரின் உள்பக்கம்
பேனையால் யாரோ எழுதிய கியூ இலக்கம், 417.
தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னார் முதலாளி.
துடைத்தேன் என்று சொன்னேன்.

கடைசியாகக் கொண்டுவந்தவர்
வெள்ளவத்தை டொக்டர் சிவகடாட்சம்,
மெல்பேர்ன் விமானத்துக்கு இரண்டு நாள் இருக்க.
"போட்ட காசுக்கு மேலால வந்திட்டுது பிள்ளை" என்றார்.
வென்றவரின் குரலில்தான் சொன்னார்.
பிறகு, எல்லாம் எழுதி முடித்த பிறகு,
ஏசியைப் போட்டுக்கொண்டு
எங்கள் முற்றத்திலேயே பத்து நிமிடம்
எங்கும் போகாமல் உள்ளே இருந்தார்.
நிலந்த போய்த் தட்டப் பார்த்தான்,
நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு முன்னம் அது விற்றுப்போயிற்று.
விலைபேசக்கூட இல்லை.
நல்ல சாமான் என்றால் அப்படித்தான் என்கிறார் முதலாளி,
கையில் தங்காது.

தாளைத் திரும்ப வாசிக்கிறேன்.
எது கூடப் போனது?
வேகன்ஆர் ஐயா, வேறென்ன, சின்னது, வெள்ளை,
லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர்.
டொக்டரோடு
ஒன்றும் கூடப் போகவில்லை.
சாவியைக் கழற்றித் தந்துவிட்டு
வளையத்தை மட்டும் சட்டைப் பைக்குள் போட்டார்.
அதை எழுத இந்தத் தாளில் கட்டம் இல்லை.

ஆறு மணிக்கு 138.
மிதிபலகையில் ஒரு கால், மற்றது காற்றில்.
என் வங்கிப் புத்தகத்தில் உள்ளதற்கு
ஒரு ஓல்டோவின் முன்சக்கரம் இரண்டும்
ஒரு வைப்பரும் வரும்.
இருந்தாலும் நிறம் யோசித்து வைத்திருக்கிறேன்:
மஞ்சள். மாம்பழ மஞ்சள்.
இன்று மத்தியானம் நிலந்தவிடம் சொன்னேன்.
பணிஸ் வாயோடு சிரித்தான்,
"அக்கா, அது விற்கவே ஏலாதே."