மடித்துப் பார்த்தது

நாயுடுபுரத்தில் ஒன்பது நாளாய் வானமே இல்லை.
ஜன்னலைத் திறந்தால் மூடுபனி
கீபோர்டின்மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நான் துழாவுவது
வேறெங்கோ தெளிந்த இரவுகளில்
யாரோ எடுத்துவைத்த வானம்.
பட்டியலில் நாலாயிரத்துச் சொச்சம் உட்குறுமீன்கள்:
மேலாடையைப் பறிகொடுத்துவிட்டு
நீலமாய்க் கொதிப்பவை.

பெரும்பாலும் ஏமாற்று.
சரியாக நாளுக்கு ஒருமுறை மினுங்கினால்
அது விண்மீன் இல்லை,
நாம் சுழல்வது.
இருபத்தொன்பதரை நாள் என்றால் நிலா.
சிலது வெறும் பக்கத்துவீட்டு வெளிச்சம்.

நேற்று நள்ளிரவு தாண்டி
இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழாவது.
தூறல் விழுந்த மண்போலப் புள்ளிகள்.
நூற்று முப்பத்தெட்டு நிமிடத்தில் மடித்தேன்.
ஒரே அலையாய்க் கூடிக்கொண்டன,
பள்ளத்தின் அடியில் கூராய் ஒரு வெட்டு.

யாரோ குளிர்காய்கிறார்கள் அங்கே.
மங்கலான ஒரு துணை,
எப்போதும் ஒரே கன்னத்தைக் காட்டியபடி.

கரண்ட் போனது.
பெஞ்சமினுக்குச் சொல்லலாமென்றால்
செல்போன் டவரும் படுத்துவிட்டது.
கீழே சவரிராயனின் கேரட் பாத்தியில்
காட்டெருமை மூச்சுவிடும் சத்தம்.

இருட்டில் கம்பளிக்குள் கைகளை நுழைத்து
நிமிடங்களை எண்ணினேன், விட்டேன், மறுபடி எண்ணினேன்.
நாலு மணிக்கு விளக்கு எரிந்தபோது
அது ஒரு சுற்று முடித்து
இரண்டாவதில் பாதி.