1003க்குச் சொந்தமானது

பொகவந்தலாவையில் மரக்கறிக் கடைக்கு மேல்மாடி,
என் போட்டோகொப்பிக் கடை.
வெளியே மூன்றாம் நாள் மழை.
ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பாண் சுற்றும் பொலித்தீனில் சுற்றி
குடைக்குள்ளே குழந்தைபோல் கொண்டுவந்தார் ஞானப்பூ.

தோட்டத்து நலன்புரி நிலையம் மூடும் முன்
எல்லாருடைய கடதாசிகளையும்
இதற்குள் போட்டுவைத்தார்களாம்.
ஈபிஎஃப் கடிதம்,
அடையாள அட்டையில் 'ஞானபூ' என்றும்
பிறப்பு அத்தாட்சியில் 'நானப்பு' என்றும் இருப்பது
ஒரே ஆள்தான் என்று சொல்லும் சத்தியக்கடதாசி.
மூலப் பிரதிகளைக் கூரைத் தண்ணீர் தின்றுவிட்டது.
ஒன்றரைக்கு ஹட்டன் பஸ்.

செருகினேன். பச்சை விளக்கு சிமிட்டியது.
எல்லாக் கோப்புறையிலும் பூட்டுப் படம்.
அனுமதி மறுக்கப்பட்டது.

"என்னா சொல்லுது?"
"உள்ள விட மாட்டேங்குது."
"ஏறிருச்சின்னீங்களே?"
ஏறியது உண்மைதான்.
புட்போர்டில் நிற்பவனும் பஸ்ஸில் ஏறியவன்தான்.

விண்டோஸ் வாங்கக் காசில்லாமல் லினக்ஸ் போட்ட இயந்திரம் இது;
கேட்டால் மறைக்காமல் சொல்லும்.
கேட்டேன்.
உரியவருக்கு மூன்று எழுத்து,
மற்ற எல்லாருக்கும் ஆறு கோடு.
உரியவர் பேர் வரவேண்டிய இடத்தில்
1003.

இங்கே 1003 என்று யாருமில்லை.
நான் 1000.
மச்சான் கேம் விளையாட உண்டாக்கிய கணக்கு 1001.
எங்கோ ஒரு மேசையில்
அந்த இலக்கத்துக்கு ஒரு பேர் இருந்திருக்கும்.
டிஸ்க் பேரைச் சுமப்பதில்லை.

"நம்பர் இருந்தா போதாதா தம்பி?
செக்ரோல்ல நான் இருநூத்திப் பதினேழு.
பேரத் தப்பா எழுதுவாங்க, நம்பரத் தப்பா எழுத மாட்டாங்க."

சுடோ. கடவுச்சொல் அடிக்கையில்
திரையில் ஒரு புள்ளியும் விழாது.
அவர் என் விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்,
இவன் சும்மா தட்டுகிறானோ என்று பார்த்தார்.
சௌன், அடிவரைக்கும், என் பேருக்கு.
பூட்டுகள் ஒரே தடவையில் போயின.

இனி அவருடைய பென் டிரைவ்.
அது தானாக ஏறாத சாதி; கையால் ஏற்றினேன்.
சுடோ போட்டு ஏற்றினால்
பெரிய துரைக்குச் சொந்தமாகிவிடும்.
ஒரு எழுத்துக்கூட எழுத விடவில்லை.
திரும்பவும் சௌன்.
செயல் அனுமதிக்கப்படவில்லை.
எனக்கே, சுடோவுடன், இல்லை என்கிறது!

ஒன்று பத்து.
கீழே கண்டக்டர் "ஹட்டன், ஹட்டன்" என்று தொடங்கிவிட்டான்.

பிறகுதான் புத்தி வந்தது. அது பழைய ஃபேட்.
யாருடையது என்று எழுதிவைக்க அதில் இடமே கிடையாது.
ஏற்றும்போது சொல்வதுதான் சொந்தம்,
இறக்கினால் அதுவும் இல்லை.
இறக்கப் போனேன்: வேலையாக இருக்கிறது என்றது.
யார் வேலையாக?
நான்தான்.
இன்னொரு ஜன்னலில் அந்தக் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டு
அதையே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
வெளியே வந்தேன். இறங்கியது.
உரியவன் 1000 என்று சொல்லி மறுபடி ஏற்றினேன்.
ஏழு கோப்புகள்.
எழுதி முடித்ததென்று அது சொல்லும்வரை
ஞானப்பூவின் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

"டிஸ்க் இங்கயே இருக்கட்டும்,
மேற்பிரிவு ஆளுங்களும் வருவாங்க."
படியில் இரண்டிரண்டாக இறங்கினார்.
காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை,
பஸ் அப்படி உறுமியது.

அதன் பிறகு சும்மா ஒருதரம் பட்டியலைப் பார்த்தேன்.
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கோப்பு.
சேமலாபம், மரணச் சான்று, காம்பராவுக்கு உறுதி கேட்ட மனு,
வரிக்கு வரி என் பேர்.
வாசிக்க மட்டும் கேட்டிருந்தால் போதும்.
அவசரத்தில் தோட்டத்தையே எழுதி வாங்கிவிட்டேன்.

திருப்பி 1003 என்றே போட்டேன்.
மற்றவர்களுக்கு வாசிக்க ஒரு எழுத்து,
கோப்புறைகளுக்கு மட்டும் நுழைய ஒரு எழுத்து.
சரியா என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன்.
யாருடையதோ சத்தியக்கடதாசி.
ஸ்கேனரில் நழுவாமல் தாளை அழுத்திய கட்டைவிரல் ஒன்று
ஓரத்தில் தானும் பதிந்திருக்கிறது,
நகத்தில் பாதி அழிந்த மருதாணியோடு.